உலோகங்களின் விலாசம்

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், ஆவூர்)



முதலாண்டு கெமிஸ்ட்ரி புத்தகத்தில் தனிம வரிசை அட்டவணை என்று ஒரு பெரிய கட்டம் இருக்கும். மொத்தம் 118 தனிமங்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி "ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம்..." என்று இருபது வரைக்கும் மந்திரம் மாதிரி உருப்போடுவோம். பரீட்சை முடிந்து பஸ் ஏறும்போதே பாதி மறந்துபோகும். நமக்கு வேண்டிய சரக்கு அந்த இருபதைத் தாண்டித்தான் இருக்கிறது என்று யாரும் அப்போது சொல்வதில்லை. லேத், ஃபவுண்டரி, வெல்டிங் ஷாப், எலக்ட்ரிக்கல் லேப், எங்கே போனாலும் நாம் தொடுவது உலோகத்தைத்தான். அட்டவணையிலும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு உலோகமே.

உருப்போடுவதற்கு என்று அந்த அட்டவணையை யாரும் உண்டாக்கவில்லை. தபால்காரருக்குத் தெருவும் கதவு எண்ணும் போதும் இல்லையா, அப்படி ஒரு உலோகம் எந்த வரிசையில் எந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால், அது எரியுமா, துருப்பிடிக்குமா, ஆளைக் கொல்லுமா என்று ஓரளவுக்கு முன்கூட்டியே சொல்லலாம். எப்படி என்று நம்ம புதுக்கோட்டைச் சீமையை வைத்தே பார்ப்போம்.

இரண்டு காசு

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அம்மன் காசு என்று ஒரு செப்புக்காசு புழங்கியது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. இன்றைக்கு எடுத்துப் பார்த்தால் கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும்.

இன்னொரு காசு இதைவிடப் பழையது. 1898-இல் இதே சமஸ்தானத்தில், கருக்காக்குறிச்சிப் பக்கம், ஒரு புதையல் வெளிப்பட்டது. 501 ரோமானியத் தங்கக் காசுகள். அவற்றில் கடைசியானவை வெஸ்பாசியன் என்ற பேரரசர் காலத்தவை, அதாவது கி.பி. முதல் நூற்றாண்டு. பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. பணமாகத் திரும்பவும் ஓடக்கூடாது என்று வேண்டுமென்றே வெட்டியதாக ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். மண்ணுக்குள் ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு அருகே கிடந்தும் காசு மஞ்சளாகவே இருந்தது.

அட்டவணையைத் திறந்து 11-ஆம் தொகுதியைப் பாருங்கள். மேலே செம்பு, நடுவில் வெள்ளி, கீழே தங்கம். அம்மன் காசு, வெள்ளி ரூபாய், ரோமானியப் பொன், மூன்றும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடு! உலகத்தில் பல நாடுகள், ஒன்றையொன்று கேட்காமலே, காசு அடிக்க இந்த ஒரு தொகுதிக்குத்தான் வந்து சேர்ந்தன.

இனிமேல்தான் கேள்வி. செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றுக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான். முதல் தொகுதியில் இருக்கும் சோடியம், பொட்டாசியத்துக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான்தான். பொட்டாசியத்தைத் தண்ணீரில் போட்டால் ஊதா நிறச் சுவாலையோடு ஓடி ஓடி எரிகிறது. தங்கம் மழையிலும் வெயிலிலும் மண்ணிலும் கிடந்து மினுக்குகிறது. வைவாவில் இதைக் கேட்டால் நம்மில் பலபேர் கூரையைப் பார்ப்போம். இந்தக் கட்டுரையில் மீதி எல்லாவற்றையும் மறந்தாலும் இதற்குப் பதிலை மட்டும் மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உலோகம் என்பது என்ன?

பதிலுக்கு முன்னால் ஒரு சின்ன அடிப்படை. உலோக அணுக்கள் தங்கள் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்வதில்லை, ஊர்ப்பொதுக் கண்மாய் மாதிரி பொதுவில் விட்டுவிடுகின்றன. மின்சாரம் ஓடுவது, சூடு கடப்பது, பளபளப்பு எல்லாமே இந்தப் பொது எலக்ட்ரான்களின் வேலை. கல் உப்பைச் சுத்தியால் அடித்தால் தூளாகும். செம்பை அடித்தால் தகடாகும். உப்பில் ஒரு அடுக்கு நகர்ந்தால் நேர் மின்சுமைக்கு எதிரே நேர் மின்சுமை வந்து நின்று ஒன்றையொன்று தள்ளிவிடும். உலோகத்தில் அடுக்கு நகர்ந்தாலும் பொது எலக்ட்ரான்கள் கூடவே வழிந்து வந்து பிடித்துக்கொள்ளும். ஒரு கிராம் தங்கத்தை ஒரு சதுர மீட்டர் தகடாக அடிக்க முடிவது இதனால்தான்.

ஆக, ஒரு உலோகத்தின் குணம் என்பது அது தன் எலக்ட்ரானை எவ்வளவு லேசாக அல்லது கெட்டியாகப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

1869-இல் ரஷ்யாவின் மெண்டலீவ் அட்டவணை போட்டபோது தெரிந்த தனிமங்கள் 63 மட்டும். அணுவுக்குள் எலக்ட்ரான் இருக்கிறது என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. குணத்தை வைத்தே அடுக்கிக்கொண்டு போனவர், அலுமினியத்துக்குக் கீழே காலியான ஒரு கட்டத்தைவிட்டு, "இங்கே ஒரு உலோகம் வரும்" என்று 'ஏக அலுமினியம்' என்று பேர் வைத்தார். நம்ம 'ஏகம்'தான், சமஸ்கிருத ஒன்று. 1875-இல் பிரான்சில் அந்த உலோகம் கிடைத்து காலியம் என்று பேர் பெற்றது. கண்டுபிடித்தவர் அடர்த்தி 4.7 என்றார். மெண்டலீவ் அந்த உலோகத்தைக் கண்ணால் பார்க்காமலே, "5.9 வர வேண்டுமே, சுத்தம் செய்து மறுபடி அளந்து பாருங்கள்" என்று எழுதினார். அளந்தார்கள். 5.9 வந்தது! (இந்தக் காலியத்தின் உருகுநிலை 29.8 டிகிரி. நம்ம ஊர் சித்திரை வெயிலில் மேசைமேல் வைத்தாலே உருகிவிடும்.)

ஒரே எலக்ட்ரான், இரண்டு பிடி

இப்போது கேள்விக்கு வருவோம். பொட்டாசியமும் செம்பும் ஒரே நான்காம் தொடரில் இருக்கின்றன. பொட்டாசியத்தின் அணு எண் 19. கருவில் 19 புரோட்டான், உள்ளே 18 எலக்ட்ரான் நெருக்கமாக நின்று மறைக்கின்றன. வெளியே தனியாக இருக்கும் 19-ஆவது எலக்ட்ரானுக்குக் கருவின் இழுப்பு கொஞ்சம்தான் எட்டுகிறது. ஆகவே லேசாகத் தொட்டால் கழன்றுவிடும்.

செம்பின் அணு எண் 29. இடையில் பத்துப் புரோட்டான் கூடியிருக்கிறது. கூடவே பத்து எலக்ட்ரானும் வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பத்தும் போய் உட்கார்ந்த 'டி' கூடு மறைப்பதில் மட்டம். பரந்து விரிந்து கிடப்பதால் ஓட்டைக் கூரை மாதிரி. கருவின் இழுப்பு அதன் வழியே கசிந்து வெளி எலக்ட்ரானை இழுத்துப் பிடிக்கிறது. அணுவே சுருங்கிவிடுகிறது. பொட்டாசியத்தின் அணு ஆரம் 227 பிக்கோமீட்டர், செம்புக்கு 128. பொட்டாசியத்தின் அடர்த்தி 0.86, தண்ணீரில் மிதக்கும், செம்புக்கு 8.96, பத்து மடங்குக்கு மேல். எலக்ட்ரானைப் பிய்க்க வேண்டிய ஆற்றல் மோலுக்கு பொட்டாசியத்தில் 419 கிலோஜூல், செம்பில் 745. தங்கத்தில் 'எஃப்' கூட்டின் பதினான்கு எலக்ட்ரானும் சேர்ந்துகொள்கின்றன, அவை மறைப்பதில் இன்னும் மட்டம். போதாததற்கு, 79 புரோட்டான் இழுப்பில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் கணிசமான பங்கில் ஓடுவதால் ஐன்ஸ்டீன் கணக்கும் உள்ளே வருகிறது. பிய்க்க 890 கிலோஜூல். தங்கம் மஞ்சளாகத் தெரிவதுகூட அந்த வேகத்தின் விளைவுதான்.

இதிலிருந்து ஒரு சூத்திரம் கிடைக்கிறது. முதல் இரண்டு தொகுதியில் கீழே போகப் போகப் பிடி தளரும்: சோடியம், பொட்டாசியம், சீசியம் என்று ஆவேசம் கூடும். 11-ஆம் தொகுதியில் அந்த விதி செல்லாது. கடைசியில் இருக்கும் தங்கம்தான் கெட்டி.

மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் முதல் மூன்று உலோகமும் (வெள்ளி, செம்பு, தங்கம்) இந்தக் காசுத் தெருவில்தான் இருக்கின்றன என்பதை எலக்ட்ரிக்கல் நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மண்ணெண்ணெயில் இருப்பது ஏன்?

லேபில் சோடியத்தை மண்ணெண்ணெயில் முக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது காரணம் தெரியும். அதே சோடியத்தைக் கல்பாக்கத்தில் டன் கணக்கில் குழாய்க்குள் ஓடவிடுகிறார்கள். 1985-இல் அங்கே இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையைக் குளிர்விப்பது உருகிய சோடியமே. அது 98 டிகிரியில் உருகி 883 டிகிரியில்தான் கொதிக்கும். 500 டிகிரிக்கு மேல் சூடேற்றினாலும் பிரஷர் இல்லாமல் திரவமாகவே ஓடும். தண்ணீரால் இது நடக்காது. பிறகு அந்தச் சூட்டை வைத்து நீராவி எடுக்க வேண்டுமே? ஒரு பக்கம் சோடியம், மறுபக்கம் தண்ணீர், நடுவில் சில மில்லிமீட்டர் எஃகுக் குழாய்! அந்தக் குழாயின் வெல்டிங்கில் ஒரு ஊசித்துளை இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வெல்டிங்கை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி உயிரை வாங்குகிறார்களே என்று சலித்துக்கொள்பவர்களுக்காக இதைச் சொன்னேன்.

இரண்டாம் தொகுதியில் மெக்னீசியம் நமக்கு வேண்டியது. அடர்த்தி 1.74 மட்டும், ஆகவே வண்டி உதிரிபாகங்களில் அதன் கலவைகள் வருகின்றன. லேத்தில் கடையும்போது மெல்லிய சுருள் தீப்பிடித்தால் பக்கெட் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். எரியும் மெக்னீசியம் தண்ணீரிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனை விடும். தீ இரண்டு மடங்காகும். கார்பன் டை ஆக்சைடு அடித்தாலும் அதிலும் எரியும். ஈரமில்லாத உலர்ந்த மணலைக் கொட்டி மூடுவதுதான் வழி.

மழை கொண்டுபோனதும் மிச்சம் வைத்ததும்

நம்ம மாவட்டத்தில் ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கம் போனால் செம்புராங்கல் பூமி. அந்தக் கல்லே ஒரு அட்டவணைப் பாடம். பல லட்சம் வருஷ மழையில் பாறை நைந்து, அதிலிருந்த சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் எல்லாம், அதாவது இடது ஓரத்து உலோகங்கள் எல்லாம், கரைந்து ஆற்றோடு போய்விட்டன. கடல் உப்புக் கரிக்கிறதே, அந்த சோடியம் இப்படிப் போனதுதான். கரையாமல் நின்றவை இரும்பும் அலுமினியமும். அவற்றின் ஆக்சைடு இறுகியதுதான் செம்புராங்கல். சிவப்பு நிறம் இரும்பு தந்தது.

நிறம் என்றதும் சித்தன்னவாசல் ஞாபகம் வருகிறது. ஓவியத்தில் இருக்கும் காவிச் சிவப்பு, காவி மஞ்சள், மண்பச்சை மூன்றுமே இரும்புச் சேர்மங்கள். ஒரே உலோகம் எத்தனை எலக்ட்ரானை விட்டுக்கொடுத்திருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நிறம் மாறும். அட்டவணையின் நடுவில் இருக்கும் இடைநிலை உலோகங்களின் பொதுக் குணம் இது. மயில்துத்தத்தின் நீலமும் பெர்மாங்கனேட்டின் ஊதாவும் இந்தக் கூட்டம்தான். சாப்பாட்டு உப்பும் சுண்ணாம்பும் வெள்ளையாகவே இருப்பதற்கு அவை இடது ஓரத்துக்காரர்கள் என்பதே காரணம்.

நடுவில் இருப்பவர்களுக்கு இன்னொரு பலமும் உண்டு. நான்காம் தொடரில் உருகுநிலையை வரிசையாகக் குறித்துப் பாருங்கள். பொட்டாசியம் 64, கால்சியம் 842, டைட்டானியம் 1668, வனேடியம் 1910, குரோமியம் 1907, இரும்பு 1538, நிக்கல் 1455, செம்பு 1085, துத்தநாகம் 420. விராலிமலை மாதிரி ஏறி இறங்குகிறது. (1246-இல் உருகும் மாங்கனீசு மட்டும் படியில் ஒரு வழுக்கல்.) 'டி' கூடு பாதி நிறைந்திருக்கும்போது பிணைப்பில் கைகோக்க அதிக எலக்ட்ரான் கிடைக்கிறது, முழுதும் நிறைந்துவிட்டால் யாரும் கை நீட்டுவதில்லை. ஆறாம் தொடரில் இது இன்னும் செங்குத்து: சீசியம் 28, டங்ஸ்டன் 3422, பாதரசம் பூஜ்யத்துக்கும் கீழே 39. ஆர்கான் வெல்டிங்கில் உருகாத கூர்முனைக்கு டங்ஸ்டனைத் தேடியவர்கள் மலை உச்சியில்தான் தேடியிருக்கிறார்கள்.

எங்கள் ஊரிலிருந்து கொஞ்சம் போனால் மாத்தூர் தொழிற்பேட்டை. திருவெறும்பூர் பாய்லர் ஆலைக்கு வேலை செய்து கொடுக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் அங்கே நிறைய. டிப்ளமா முடித்து முதல் சம்பளம் வாங்கும் இடம் பலருக்கு அதுதான். அங்கே புழங்கும் எஃகில் குரோமியம், மாங்கனீசு, நிக்கல், மாலிப்டினம் என்று ஏதாவது ஒன்று கலந்திருக்கும். ஏன் இவை மட்டும்? குரோமியம் 24, மாங்கனீசு 25, இரும்பு 26, கோபால்ட் 27, நிக்கல் 28. எல்லோருடைய அணு ஆரமும் 124-க்கும் 128-க்கும் நடுவில்தான். ஒருவர் வீட்டில் ஒருவர் வாடகையில்லாமல் குடியிருக்கலாம். சோடியத்தைக் கொண்டுவந்து இரும்பில் கலக்க முடியாது, வாசலுக்குள்ளேயே நுழையாது. கார்பனோ குட்டி அணு. இரும்பு அணுக்களின் சந்தில் புகுந்து அடுக்கு நகராமல் ஆப்பு வைக்கிறது. எஃகின் கடினம் அதுதான். குரோமியம் 10.5 சதவீதத்தைத் தாண்டினால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் மூடிக்கொள்ளும், அதைத்தான் எவர்சில்வர் என்று கடையில் விற்கிறார்கள். பேரில் இருப்பது சில்வர். உள்ளே ஒரு கிராம் வெள்ளி கிடையாது.

இரும்பை மண் உலையிலேயே கரியைப் போட்டு எடுத்துவிட்டார்கள் நம் முன்னோர். சிவகளையில் கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 3345 வரை போவதாகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. அலுமினியமோ மலிவாகக் கிடைக்க 1886 வரை காத்திருந்தது. இரண்டும் ஒரே செம்புராங்கல்லில் இருந்தும் ஏன் இந்த வித்தியாசம்? அலுமினியம் அட்டவணையின் இடப்பக்கத்தாரைப் போல எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுத்து ஆக்சிஜனை விடாமல் கட்டிக்கொள்கிறது. கரியால் பிரிக்க முடியாது, மின்சாரத்தால்தான் பிரிக்கலாம். கிலோவுக்குச் சுமார் 14 யூனிட். ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட்டை வைத்து மேட்டூரில் ஓடிய அலுமினிய உலை 2008-இல் நின்றது. வேறு காரணங்கள் ஆயிரம் இருக்கட்டும், அலுமினியத் தொழிலில் கரண்ட் பில்தான் முதல் கணக்கு.

அதே ஆக்சிஜன் பாசம்தான் வெல்டிங்கில் நம்மைப் படுத்துகிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். மேலே மூடியிருக்கும் ஆக்சைடு உருக 2072 டிகிரி வேண்டும். உள்ளே தண்ணீராகிவிடும், தோல் மட்டும் அப்படியே நிற்கும். ஆகவேதான் ஆர்கான் வெல்டிங்கில் ஏசி வைக்கிறோம், ஒரு பாதிச் சுழற்சி அந்தத் தோலை உரித்துக்கொடுக்கும்.

ஜி.ஐ. பைப்பும் திங்கட்கிழமைக் காய்ச்சலும்

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

என் மாமா மகன் ஒரு பட்டறையில் வெல்டர். பேர் வேண்டாம், பட்டறை பேரும் வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுக்க ஜி.ஐ. பைப்பில் கைப்பிடி வேலி பற்றவைத்தான். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் வாயில் இனிப்பும் இரும்பும் கலந்த மாதிரி ஒரு ருசி. ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் பல் கிட்டித்த குளிர், காய்ச்சல், நெஞ்சுக்குள் இறுக்கம். "மலேரியாவா இருக்குமோ" என்று அத்தை பதறிப்போனார்கள். மறுநாள் சாயங்காலம் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்துவிட்டான். "பால் குடிச்சேன் மாப்ளே, சரியாப் போச்சு" என்றான்.

பால் குடித்தால் வயிற்றுக்குப் போகும். புகை போனது நுரையீரலுக்கு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

நடந்தது என்னவென்று அட்டவணை சொல்லும். ஜி.ஐ. என்றால் இரும்பின்மேல் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானைக் கொடுப்பதால் தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. நல்ல குணம். ஆனால் அது 12-ஆம் தொகுதிக்காரன். 'டி' கூடு முழுசாக நிறைந்து, பிணைப்பு தளர்ந்தவன். 907 டிகிரியிலேயே கொதித்துவிடுவான். இரும்பு உருகவே 1538 வேண்டும். இரும்பைப் பற்றவைக்கும் ஒவ்வொரு நொடியும் துத்தநாகம் ஆவியாகி, காற்றில் வெள்ளைப் புகையாகிறது. அதை இழுத்தால் நாலு முதல் பத்து மணி நேரத்தில் காய்ச்சல். ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிடும். தினமும் இழுத்தால் உடம்பு கொஞ்சம் பழகும். ஞாயிறு லீவில் அந்தப் பழக்கம் போய், திங்களன்று மறுபடி அடிக்கும். பட்டறைகளில் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று ஒரு பேரே உண்டு.

துத்தநாகத்தோடு போனால் பரவாயில்லை. அதே தொகுதியில் ஒரு படி கீழே பாருங்கள்: காட்மியம், கொதிநிலை 767. இன்னும் ஒரு படி கீழே பாதரசம், 357. கீழே போகப் போக எளிதில் ஆவியாகும், விஷமும் ஏறும். காட்மியம் பூசிய போல்ட்டைச் சூடாக்கினாலும், காட்மியம் கலந்த பழைய வெள்ளிப் பற்றாசில் பிரேஸிங் செய்தாலும், ஆரம்பம் துத்தநாகக் காய்ச்சல் மாதிரியேதான் இருக்கும். ஆனால் ஓரிரு நாளில் நுரையீரலில் நீர் கோத்து உயிரே போகலாம். மாமா மகன் இழுத்தது துத்தநாகம், ஆகவே இன்றைக்கும் எங்களோடு பரோட்டா சாப்பிடுகிறான். நகைக்கடையில் முன்னே கேட்டிருப்பீர்களே, 'கே.டி.எம். நகை' என்று, அந்தப் பேர் காட்மியத்திலிருந்து வந்ததுதான். பற்றாசில் அதைக் கலந்ததால் நகை தரமாக இருந்தது, ஊதுகுழலை வாயில் வைத்த ஆசாரியின் நெஞ்சு கெட்டது. ஹால்மார்க் முறையில் இப்போது அதற்கு இடமில்லை.

செய்ய வேண்டியது சிரமமில்லை. பற்றவைக்கும் இடத்தைச் சுற்றி இரண்டு அங்குலம் பூச்சை முதலில் தேய்த்து எடுங்கள், அந்தத் தூளையும் மூக்கில் ஏற்றாதீர்கள். கதவைத் திறந்து வையுங்கள், புகை முகத்துக்கு வராமல் ஃபேன் பக்கவாட்டில் இழுக்கட்டும். கைக்குட்டை கட்டுவது புகைக்கு ஒன்றும் செய்யாது. உலோகப் புகைக்கான முகமூடி கேட்டு வாங்குங்கள். மஞ்சள் பளபளப்போடு என்ன பூச்சு என்று தெரியாத போல்ட் வந்தால், தெரியும் வரை சூடு காட்டாதீர்கள். "ஒரு மணி நேர வேலைக்கு இவ்வளவு சட்டமா" என்று சூப்பர்வைசர் கேட்பார். காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலியை அவர் தரமாட்டார்.

பாதரசத்துக்கு நிறைய எழுத வேண்டியதில்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்ட கதை ஊரறிந்தது. லேபில் கொட்டினால் கையால் அள்ளாமல், துடைப்பத்தால் பரப்பாமல், உடனே சாரிடம் சொல்லுங்கள்.

ஈயம் எந்த ஈயம்?

கடைசியாக 14-ஆம் தொகுதி. மேலே கார்பன், அலோகம். அடுத்து சிலிக்கன், ஜெர்மானியம், இரண்டும் உலோகப்போலி. அதற்கடுத்து வெள்ளீயமும் காரீயமும், உலோகம். ஒரே தெருவில் மேலிருந்து கீழே இறங்கினால் எலக்ட்ரான் பிடி தளர்ந்து தளர்ந்து உலோகமாகிவிடுவதை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம்.

செம்புக்கும் வெள்ளீயத்துக்கும் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டும் தனியே இருந்தால் மெதுவானவை. செம்பில் ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் கடினமாகி மணியோசை தரும். எங்கள் ஊர் பெரியநாயகி மாதா கோயிலானாலும் சிவன் கோயிலானாலும் வெண்கல மணிக்கு இந்தக் கணக்குதான். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களின் சால்டரில் வெள்ளீயம் 63, காரீயம் 37. தனியே 232, 327 டிகிரியில் உருகுகிறவை சேர்ந்தால் 183-லேயே உருகும்.

அந்த சால்டரைப் பல்லில் கடித்து இழுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. விட்டுவிடுங்கள். காரீயம் உடம்புக்குள் போனால் கால்சியம் என்று நினைத்து எலும்பு அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மூளையையும் ரத்தத்தையும் கெடுக்கும், குழந்தைகளுக்கு இன்னும் மோசம். பெட்ரோலில் அதைக் கலப்பதை இந்தியா 2000-இல் நிறுத்தியது அதனால்தான். சால்டர் தொட்ட கையைக் கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்காதீர்கள்.

நம் தமிழில் ஒரு சிக்கல்: இரண்டுக்கும் பொதுவாக 'ஈயம்' என்றே சொல்லிவிடுகிறோம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது என்றால் வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயமாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. திருவிழாக் கடையில் சொம்பு பளபளவென்று மலிவாகக் கிடைத்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். புளியின் அமிலம் காரீயத்தைக் கரைத்து ரசத்தோடு சேர்த்துவிடும். வாசனையிலோ ருசியிலோ தெரியாது.

வீட்டில் இருக்கும் சொம்பை இரண்டு விதமாகப் பார்க்கலாம். அடர்த்தி வெள்ளீயத்துக்கு 7.3, காரீயத்துக்கு 11.3. தராசில் எடை போட்டு, தண்ணீரில் முக்கி இடப்பெயர்ச்சி அளந்தால் முதலாண்டு பிசிக்ஸ் லேப் சாமான்களிலேயே கண்டுபிடித்துவிடலாம். அடுத்தது, வெள்ளைத்தாளில் அழுத்திக் கோடு போட்டுப் பாருங்கள். காரீயம் பென்சில் மாதிரி சாம்பல் கோடு விடும். ஆனால் வெள்ளீயத்தில் கொஞ்சமாகக் காரீயம் கலந்திருந்தால் தாளில் கோடு ஏமாற்றிவிடும், அடர்த்தியும் கொஞ்சம்தான் நகரும். 7.3-க்கு மேலே போனால் அந்தச் சொம்பை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாமல் பரண்மேல் வைத்துவிடச் சொல்லுங்கள். அம்மாவிடம் கொஞ்சம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.